வெங்காயத் தோல்

எனக்கு ஓர் அத்தை இருக்கிறாள். திருநெல்வேலிச் சீமையில், கோவில் மணி அடித்தால் கடைசி வீடு வரைக்கும் கேட்டுவிடக்கூடிய ஒரு சின்னக் கிறிஸ்தவ கிராமத்தில் தனியாக வசித்து வருகிறாள். மாமா காலமாகி வெகு காலம் ஆயிற்று; பிள்ளைகள் இல்லை. சில வருஷங்களுக்கு முன்பு, அவளுக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகை அனுப்புவது என்று தீர்மானம் செய்தேன். கூடவே இன்னொன்றும் தீர்மானித்தேன்: இதை ஒருவரிடமும் சொல்லக் கூடாது. தருமம் செய்கிறவனுடைய இரண்டு கைகளுக்கு நடுவிலேகூட ரகசியம் இருக்க வேண்டும் என்று ஞாயிறு பள்ளியில் படித்து வளர்ந்தவன் நான். மனைவியிடம் மட்டும் சொன்னேன். (மனைவி இடது கையில் சேர்த்தியா இல்லையா என்பது வேத சாஸ்திரிகள் தீர்த்து வைக்க வேண்டிய வழக்கு.)

இரண்டு வருஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பணம் அனுப்பும் நாளன்று எனக்குள் ஓர் அமைதி பரவும். அதைப் பக்தி என்று நான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். ஆராதனை முடிந்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் பலகாரத் தட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் திண்ணையில் இருந்தேன். உள்ளே அத்தை தன் கொழுந்தன் மகனைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தாள். வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு கொட்டான் கருப்பட்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவன் அவன்.

"அவன்லா பிள்ளை! பெத்த பிள்ளைகூட இப்படிப் பாக்காது. கருப்பட்டியைக் கொண்டாந்து வச்சிட்டு, 'பெரியம்மா, மேலுக்கு எப்படி இருக்கு'ன்னு கேப்பான் பாருங்க, அதுலயே வயிறு நெறைஞ்சிரும்."

என் முகம் சிரித்துக் கொண்டுதான் இருந்தது. உள்ளே சுருக்கென்றது. கருப்பட்டி என்ன விலை, இரண்டு வருஷத்தில் நான் அனுப்பியது எவ்வளவு என்று மனம் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் நான் இவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டதில்லை. அதோடு நிற்கவில்லை. 'அடுத்த மாதம் அனுப்பத்தான் வேண்டுமா?' என்று ஒரு நினைவு, புற்றிலிருந்து தலை நீட்டுகிற மாதிரி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ரகசியமாகத் தருமம் செய்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்? உண்மையில் நான் செய்திருந்தது வேறு. என்றைக்காவது அந்த ரகசியம் தானாகவே வெளியாகும். அப்போது ஊரே வாயடைத்து நிற்கும். அந்த மரியாதையைக் கருதி, இப்போதைய புகழை வட்டிக்கு விட்டு வைத்திருந்தேன். அவ்வளவுதான்.

மலைப்பிரசங்கத்தின் தொடக்கத்தில் இயேசு பாக்கியவான்களை வரிசையாகச் சொல்கிறார். அவர்களில் இருதயம் சுத்தமாக உள்ளவர்களுக்கு அவர் வாக்களிக்கிற பாக்கியம் கடவுளைக் காண்பது. சிறு வயதில் இதை நான் வெள்ளைச் சட்டையைப்போல் புரிந்து கொண்டிருந்தேன். கெட்ட நினைவு என்பது கறை; கறை படாமல் பார்த்துக் கொண்டால் சுத்தம். கோவிலுக்குப் போகும்போது மடிப்புக் கலையாமல் நடப்போமே, அந்த மாதிரி மனத்தையும் நடத்திக் கொண்டு போனால் போதும்.

அந்த வார்த்தையைக் கேட்ட முதல் ஜனங்களுக்கும் சுத்தம் என்றால் ஏறக்குறைய இதுதான். நம் ஊர்ப் பாட்டிமார்களின் மடியும் தீட்டும் யூதர்களின் நியாயப் பிரமாணத்துக்கு அதிக தூரமில்லை. மண்பாண்டம் தீட்டுப்பட்டால் உடைத்துப் போட வேண்டும். கல்லால் குடைந்த பாத்திரத்துக்குத் தீட்டு ஒட்டாது. எருசலேமில் பூமியைத் தோண்டினவர்களுக்கு அந்தக் காலத்துக் கற்பாத்திரங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. கானாவூர்க் கலியாணத்தில் தண்ணீர் வைத்திருந்த ஆறு ஜாடிகளும் கல்ஜாடிகளே. சீடர்கள் கை கழுவாமல் சாப்பிடுகிறார்களே என்று பரிசேயர்கள் குற்றம் சொன்னபோது, மனிதனைத் தீட்டுப்படுத்துவது வாய்க்குள்ளே போகிற பண்டம் அல்ல, உள்ளேயிருந்து புறப்படுவதுதான் என்று இயேசு பதில் சொன்னார். பாத்திரத்தைக் கல்லால் செய்து கொள்ளலாம். இருதயத்தைக் கல்லால் செய்து கொள்ள முடியாது. செய்து கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சுத்தமானவர்கள் என்று யாரும் சொல்வதில்லை.

புதிய ஏற்பாட்டின் மூல பாஷையாகிய கிரேக்கத்தில் இந்தச் 'சுத்தம்' என்ற சொல்லைப் பதர் போகத் தூற்றிய தானியத்துக்கும் சொல்வார்களாம். வேறொன்றும் கலக்காத பொருளுக்கும் சொல்வார்களாம். இது தெரிந்தபோது எனக்கு விஷயம் மாறிவிட்டது. கறை இல்லாமை வேறு, கலப்படம் இல்லாமை வேறு. பால் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். அத்தைக்கு நான் அனுப்பிய பணத்தில் கறை எதுவும் இல்லை. நியாயமாகச் சம்பாதித்த பணம். கலப்படம் இருந்தது.

டென்மார்க் தேசத்துக் கீர்க்ககார்ட் 1847-இல் வெளியிட்ட ஒரு நீண்ட தியானம் முழுவதும் இதையே பேசுகிறது. சுத்த இருதயம் என்பது ஒன்றையே நாடுவது என்பது அவர் கட்சி. பலனுக்காக நன்மையை நாடுகிறவன், தண்டனைக்குப் பயந்து நாடுகிறவன், தன்னால்தான் நன்மை ஜெயித்தது என்று இருக்க வேண்டும் என்பதற்காக நாடுகிறவன், இவர்கள் எல்லாரையும் இருமனமுள்ளவர்கள் என்று அவர் ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்துகிறார். மூன்றாவது ஆசாமியைப் படித்தபோது எனக்குத் திண்ணை ஞாபகம் வந்தது.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர், கீர்க்ககார்டுக்கு ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முற்பட்ட ஜான் காஸியன். எகிப்து தேசத்தில் ஸ்கேதிஸ் என்ற பாலைவனப் பகுதியில் இருந்த துறவிகளிடம் போய்ப் பாடம் கேட்டுவிட்டு, பிற்காலத்தில் மார்ஸேல் பட்டணத்தில் மடம் அமைத்து, ஐந்தாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அந்தப் பெரியவர்களின் சம்பாஷணைகளை எழுதி வைத்தார். முதல் சம்பாஷணையிலேயே மோசே என்ற மூத்த துறவி ஓர் உழவனைக் கொண்டு வந்து நிறுத்துகிறார். உழவன் விரும்புவது விளைச்சலை. ஆனால் அவன் கண் எப்போதும் இருப்பது களையின்மேல். அதுபோலத் துறவி விரும்புவது தேவராஜ்யத்தை; அன்றாடம் குறி வைக்க வேண்டியது இருதய சுத்தத்தை. விளைச்சலை நேராக இழுத்துக் கொண்டுவர யாராலும் முடியாது, களையைப் பிடுங்கலாம்.

அப்புறம் அவர் சொல்வதுதான் வேடிக்கை. பெரும் ஆஸ்தியையும் பொன்னையும் விட்டுவிட்டுப் பாலைவனத்துக்கு வந்தவர்கள், ஒரு சிறு கத்திக்காக, ஓர் ஊசிக்காக, ஓர் எழுதுகோலுக்காகக் கோபித்துக் கொள்வதைப் பார்த்திருக்கிறாராம். சிலர் தங்கள் புத்தகத்தை இன்னொருவர் தொடக்கூட விடமாட்டார்களாம். (புத்தகம் இரவல் கொடுக்கிற விஷயத்தில் நான் பாலைவனத்துக்குப் போகத் தகுதியானவன்.) உபவாசம், கண்விழிப்பு, வேதவாசிப்பு எல்லாம் கருவிகள் என்கிறார் மோசே. உபவாச நாளில் ஒரு சகோதரன் வந்து அதைக் கெடுத்துவிட்டான் என்று அவன்மேல் எரிந்து விழுந்தால், உபவாசத்தில் வந்த லாபத்தைவிடக் கோபத்தில் போன நஷ்டம் அதிகம். வீட்டில் ஜெப வேளையில் குழந்தை அழுதால் அதன் முதுகில் ஒன்று வைக்கிற தகப்பன்மார்களை எனக்குத் தெரியும். ஒருவரை மிக நெருக்கமாகவே தெரியும்.

சரி, களையைப் பிடுங்குவது எப்படி? காஸியனிடம் இதற்கு ஒரு கதை இருக்கிறது. செராப்பியோன் என்ற துறவி பையனாக இருந்தபோது ஒரு முதியவரோடு தங்கியிருந்தான். தினமும் சாப்பாடு முடிந்ததும் ஒரு காய்ந்த ரொட்டித் துண்டை உடைக்குள் ஒளித்து வைத்துக் கொண்டு, பிறகு தனியாகத் தின்பான். தின்னும் சுகத்தைவிடத் தின்ற பிறகு வரும் வேதனை பெரிது. ஆனாலும் விட முடியவில்லை. ஒரு நாள் வந்தவர்களிடம் முதியவர் பெருந்தீனியைப் பற்றியும் மறைத்து வைத்த நினைவுகளைப் பற்றியும் பொதுவாகப் பேசிக் கொண்டிருந்தபோது, பையன் தேம்பி அழுது, ரொட்டியை வெளியே எடுத்துப் போட்டுவிட்டான். அன்றோடு அந்த ஆசை அவனை விட்டுப் போயிற்றாம். மறைத்து வைக்கும்வரை உயிரோடிருக்கிற பாவம், வெளியே சொன்னதும் செத்துப் போகிறது.

நல்ல மருந்துதான். ஆனால் எல்லா வியாதிக்கும் இது ஆகாது என்பதுதான் சங்கடம். ரொட்டி திருடினதைச் சொன்னால் ஆசை சாகிறது. 'நான் ரகசியமாகத் தருமம் செய்தேன், அதில் எனக்குக் கர்வம் வந்துவிட்டது' என்று சொன்னால் கர்வம் சாவதில்லை. சொன்ன தைரியத்துக்காக இன்னொரு மடங்கு வளர்கிறது. கோரைப்புல் மாதிரி. மேலே பிடுங்கினவன் கிழங்கைப் பார்ப்பதில்லை.

இதுவும் காஸியனுக்குத் தெரிந்திருந்தது. வீண்புகழ்ச்சியை அந்தப் பெரியவர்கள் வெங்காயத்துக்கு ஒப்பிட்டார்கள் என்று எழுதுகிறார். ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொரு தோல். நல்ல உடையால் கர்வம் கொள்ளாதவனைக் கந்தை உடையால் பிடிக்கும். பேச்சால் விழாதவனை மௌனத்தால் வீழ்த்தும். இந்த இடத்தில் ஒரு சம்பவம் சொல்கிறார். ஸ்கேதிஸில் ஒரு பெரியவர், ஒரு சகோதரனைப் பார்க்க அவன் அறைக்குப் போனார். உள்ளே முணுமுணுப்புச் சத்தம். வேதம் ஓதுகிறான் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு வாசலில் நின்று காது கொடுத்தார். அவனோ, பெரிய கோவிலில் ஜனங்கள் நிறைந்திருப்பதாக எண்ணிக் கொண்டு, தன்னந்தனியாகச் சுவருக்குப் பிரசங்கம் செய்து கொண்டிருந்தான். பிரசங்கம் முடிந்து, சபையைக் கலைந்து போகச் சொல்லும் வாசகத்தையும் அவனே முழங்கினான். பெரியவர் கதவைத் தட்டினார். அவன் பதறிப்போய், வந்து வெகு நேரமாயிற்றா என்று கேட்டான். இல்லை, நீ சபையைக் கலைக்கும்போதுதான் வந்தேன் என்று சிரித்துக் கொண்டே சொன்னாராம் பெரியவர்.

பாலைவனத்தில், சுற்றிலும் மணலைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு மனிதனுக்குச் சபை கூடிவிடுகிறது! நகரத்தில் இருந்து கொண்டு, எழுதுவதையே தொழிலாக வைத்துக் கொண்டு, மாதப் பத்திரிகை வாசகர்களையே நம்பிப் பிழைக்கிற என் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

யோசிக்க வேண்டியதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கிறிஸ்துமஸ் இரவு தூக்கம் வராமல் புரண்டேன் அல்லவா? ஊரிலிருந்து திரும்பிய பத்தாம் நாள் அதை ஒரு சிறுகதையாக எழுதிவிட்டேன். ஒருவன் ஒரு கிழவிக்கு ரகசியமாக உதவுகிறான். கிழவி வேறொருவனைப் புகழ்கிறாள். அவன் சிரித்துக் கொண்டே எழுந்து போகிறான். என் கதாநாயகனுக்குச் சுருக்கென்று எதுவும் படவில்லை. அவன் மிக உயர்ந்தவன். கதை பிரசுரமாயிற்று. கண்ணீர் விட்டதாகப் பலர் எழுதினார்கள். அத்தையின் வீட்டில் கிடைக்காத கூலியை இப்படி வாசகர்களிடம் வசூல் செய்து கொண்டேன்.

டால்ஸ்டாய் மட்டும் இந்த விஷயத்தில் கதாநாயகனை உயர்ந்தவனாக்கித் தப்பித்துக் கொள்ளவில்லை. 'தந்தை ஸெர்ஜியஸ்' என்ற நெடுங்கதையை 1890-இல் ஆரம்பித்து எட்டு வருஷம் விட்டு விட்டு எழுதினார். அவர் உயிரோடிருக்கும்வரை அதை வெளியிடவில்லை; 1911-இல்தான் அச்சாயிற்று. கஸாட்ஸ்கி என்ற இளம் பிரபு, ராணுவ அதிகாரி. எதைச் செய்தாலும் அதில் முதல்வனாக வர வேண்டும் அவனுக்கு. தான் மணக்கவிருந்த பெண் சக்கரவர்த்தியின் ஆசைநாயகியாக இருந்தவள் என்று கலியாணத்துக்குச் சில நாள் முன்பு தெரிகிறது. எல்லாவற்றையும் உதறிவிட்டு மடத்தில் சேர்கிறான். பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் தன்னைவிட மேலே நிற்கிறவர்களுக்கும் மேலே போய் நிற்க வேண்டும் என்ற வேகமும் அந்தப் பக்தியில் கலந்திருக்கிறது. கலப்படம் முதல் நாளே ஆரம்பித்துவிட்டது.

பின்னால் ஸெர்ஜியஸ் என்ற பெயரில் ஏகாந்தக் குடிலில் இருக்கும்போது, அவரை வீழ்த்திக் காட்டுவதாகப் பந்தயம் கட்டி ஓர் அழகி இரவில் வந்து கதவைத் தட்டுகிறாள். சபலம் தாங்காமல் கோடரியை எடுத்துத் தம் விரலை வெட்டிக் கொள்கிறார். அவள் நடுநடுங்கிப் போய், பிறகு தானும் கன்னியாஸ்திரீயாகிறாள். சாதாரணக் கதாசிரியன் இங்கே முற்றுப்புள்ளி வைத்து மாலை வாங்கிக் கொள்வான். நான் வைத்திருப்பேன். டால்ஸ்டாய்க்குக் கதையே இனிமேல்தான். விரல் போன செய்தி பரவுகிறது. வியாதிக்காரர்கள் வருகிறார்கள், குணமாகிறார்கள். மடத்தார் விடுதி கட்டுகிறார்கள். ஜனக்கூட்டம் தொந்தரவு என்று ஸெர்ஜியஸ் சலித்துக் கொள்கிறார். கூட்டம் வராவிட்டால் தாங்க முடியாது என்பதும் அவருக்குத் தெரிகிறது. கோடரிக்கு விரல் தெரியும். இது எந்த விரலில் இருக்கிறது என்று வெட்டுவது? கடைசியில் ஒரு வியாபாரி குணமாக்குவதற்காகக் கொண்டு வந்த, புத்தி மந்தமான மகளிடம், ஒரு பந்தயமும் இல்லாமல், ஒரு போராட்டமும் இல்லாமல் விழுந்துவிடுகிறார்.

மடத்தை விட்டு ஓடி, சாகவும் நினைத்தவர், ஒரு கனவின்படி பாஷெங்கா என்பவளைத் தேடிப் போகிறார். சிறு வயதில் இவரும் மற்றப் பையன்களும் சேர்ந்து, தரையில் படுத்து நீந்திக் காட்டச் சொல்லிக் கேலி செய்த அசட்டுப் பெண் அவள். இப்போது கிழவி. சங்கீதம் சொல்லிக் கொடுத்து, மகளையும் வேலையிழந்து நோயாளியான மருமகனையும் பேரப்பிள்ளைகளையும் காப்பாற்றி வருகிறாள். கோவிலுக்குப் போவதுண்டா என்று கேட்டால் வெட்கப்படுகிறாள். கந்தைத் துணியோடு போக மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அவமானமாக இருக்குமாம், சோம்பலும் உண்டாம், ஜெபம் செய்தாலும் மனம் ஒட்டுவதில்லையாம். ஸெர்ஜியஸுக்குப் புரிந்துவிடுகிறது. கடவுளுக்காக வாழ்வதாக எண்ணி அவர் மனிதர்களின் புகழுக்காக வாழ்ந்தார்; மனிதர்களுக்காகப் பாடுபடுவதாக எண்ணிய அவள் கடவுளுக்காக வாழ்ந்து வந்திருக்கிறாள். கதை முடியும்போது அவர் பெயரற்ற நாடோடியாகப் பிடிபட்டு, ஸைபீரியாவில் ஒரு குடியானவன் தோட்டத்தில் வேலை செய்து கொண்டு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொண்டிருக்கிறார்.

இந்த முடிவு டால்ஸ்டாய் தமக்கே விரும்பிய முடிவு என்று நான் நினைக்கிறேன். அவருக்கு அது கிடைக்கவில்லை. அவர் நாட்குறிப்புகளை மனைவி படித்தாள், சீடர்கள் பிரதி எடுத்தார்கள். ஆகவே 1910-ஆம் வருஷக் கோடையில், தமக்கு மட்டும் என்று தனியாக ஒரு நாட்குறிப்புத் தொடங்கி, அதைக் காலணிக்குள் ஒளித்து வைத்தார். மனைவி அதையும் கண்டுபிடித்தாள். அந்த வருஷமே, எண்பத்திரண்டாம் வயதில், மனைவிக்குச் சொல்லாமல் இருட்டில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். அஸ்டபோவோ என்ற சின்ன ரயில் நிலையத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில், நவம்பர் 20-ஆம் தேதி உயிர் பிரிந்தது. அதற்குள் நிருபர்களும் சலனப்படக்காரர்களும் அங்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். தனிமை தேடிப் போனவருக்கும் சபை கூடிவிட்டது.

என் நண்பர் ஒருவர் தெய்வ நம்பிக்கை இல்லாதவர்; நல்லவர். இதையெல்லாம் அவரிடம் சொன்னபோது சிரித்தார்.

"உங்கள் அத்தைக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா இல்லையா? சேர்ந்தது. அரிசி வாங்கினாளா? வாங்கினாள். அரிசிக் கடைக்காரன் உங்கள் நோக்கத்தை உரைத்துப் பார்த்தா அரிசி போட்டான்? இந்த இருதய சுத்தம் எல்லாம் வயிறு நிறைந்தவர்களின் விசாரம், ஸார்."

பாதி உண்மை. பெரும்பாதி என்றே ஒப்புக் கொள்கிறேன். நோக்கம் சுத்தமான பிறகுதான் கொடுப்பேன் என்று காத்திருப்பவன் கொடுக்கவே போவதில்லை. கலப்படப் பாலானாலும் குழந்தைக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் திண்ணையில் எட்டிப் பார்த்த அந்த நினைவை நண்பர் கணக்கில் சேர்க்கவில்லை. 'அடுத்த மாதம் அனுப்பத்தான் வேண்டுமா?' புகழுக்காகப் போகிற பணம், புகழ் வராத மாதம் நின்று போகும். அன்றைக்கு அத்தையின் அரிசி, என் இருதயத்தில் இருந்த கலப்படத்தின் அளவைப் பொறுத்து ஊசலாடியது. அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

காஸியன் இதற்கு மருந்தாகச் சொல்வது சப்பென்று இருக்கும். எல்லாரும் செய்கிறதையே செய். தனித்துத் தெரிகிறபடி ஒன்றும் செய்யாதே. நான் படித்தபோது எனக்கும் சப்பென்றுதான் இருந்தது. ஆனால் பாஷெங்காவின் வாழ்க்கையில் இதைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அவளுக்குத் தன் இருதயத்தை எடுத்துப் பார்க்க நேரம் இல்லை. பேரப்பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள். தன் சுத்தத்தையே கண்கொட்டாமல் காவல் காப்பவன், காவல் காக்கிற தன் கண்ணை மெச்சிக் கொள்ள ஆரம்பித்துவிடுகிறான். கண்ணைத் திருப்பி வேறு ஒருவருடைய தேவையின்மேல் வைத்துவிட்டால், அந்த நேரத்துக்காவது வெங்காயத்துக்குத் தோல் வளருவதில்லை.

கருப்பட்டிக் கொட்டானைப் பற்றியும் பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பையன் வந்து, மேலுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டான். அத்தை அதைத்தான் புகழ்ந்தாள். இரண்டு வருஷத்தில் நான் ஒரு தடவையாவது அவளை அப்படிக் கேட்டேனா என்றால், இல்லை. என் கவனமெல்லாம் ரகசியத்தைக் காப்பாற்றுவதில் இருந்தது.

இந்தக் கட்டுரையை ஐந்து நாளாக எழுதி அடித்து, அடித்து எழுதிக் கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி வெங்காயத்தைப் பற்றிய பகுதி நன்றாக அமைந்துவிட்டது என்ற திருப்தியோடு எழுந்தபோது கண் காலண்டரில் விழுந்தது. தேதி எட்டு. அத்தைக்கு ஒன்றாம் தேதியே போயிருக்க வேண்டிய பணம் போகவில்லை. அவள் கேட்டு அனுப்புகிறவள் அல்ல. காலையில் முதல் வேலையாக அனுப்பிவிட்டு வந்து இதை முடிக்கிறேன். இந்த ஒரு வாரமும் கடையில் அரிசிக்குக் கடன் சொல்லியிருப்பாள்.